கதிர் வைத்த பின் வரும் போன்கள்

கத்தி வைத்த நோயாளி தையல் பிரித்ததும் நர்ஸை மறந்துவிடுவார். கதிர் வைத்த நோயாளி வருஷக்கணக்கில் போன் பண்ணுவார். டெல்லியில் ஒரு மருத்துவமனையில் அந்த போன்களை எடுக்கும் நர்ஸ் நான். மூளையில் ரத்தக் குழாய்கள் முடிச்சாகப் பின்னிக்கொண்டால், மண்டையைத் திறக்காமல் கதிர்வீச்சால் அதை அடைக்கிறார்கள். முழுசாக அடைபட இரண்டு மூன்று வருஷமாகும். அதற்குள் வலிப்பு வரலாம், வீக்கம் வரலாம், ரத்தம் கசியலாம். ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு தடவையாவது காத்துக்கிடந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

தையல் இல்லாத வைத்தியம்

ஜனக்புரியிலிருந்து ஒரு பேங்க் மேனேஜர். கதிர் வைத்த மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டார். தலையில் கட்டு இல்லை, வலி இல்லை. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று வலிப்பு மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டார். மெட்ரோ பிளாட்பாரத்தில் வலிப்பு வந்து விழுந்தார். நல்லவேளை, பக்கத்தில் நின்றவர்கள் பிடித்து இழுத்துவிட்டார்கள். நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்தவரை நான் முறைத்தேன். அவர் சொன்னார்: "பேருக்கு ஒரு தையல் போட்டிருந்தீங்கன்னா, நான் நோயாளின்னு எனக்கே ஞாபகம் இருந்திருக்கும், சிஸ்டர்."

சம்மச்

ரேவதிக்கு ஏர்போர்ட் கவுண்டரில் வேலை. துவாரகாவில் வீடு. நாளெல்லாம் மூன்று பாஷைகளில் பேசிச் சம்பாதிப்பவள். கதிர் வைத்துச் சில மாதம் கழித்து, கரண்டி என்ற சொல் வராமல் 'சம்மச்' என்றாள். தண்ணீர் 'பானி' ஆனது. வீட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஹிந்தியும் போனது. எல்லாமே 'அது, அது' ஆயிற்று. ஒரு காலையில் டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது. மகளைக் கூப்பிட வாயெடுத்தவளுக்குப் பெயர் வரவில்லை; அழுதுவிட்டாள்.

ஸ்கேனில், முடிச்சைச் சுற்றி மூளை வீங்கியிருந்தது. ரத்தக் கசிவு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவள் கணவர் செந்தில் உட்கார்ந்தார். இவ்வளவு நாள் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டேன். "நாங்க எப்பவுமே பாதி ஹிந்தியிலதானே பேசுவோம், சிஸ்டர். எது வியாதி, எது டெல்லின்னு எப்படித் தெரியும்?"

புகார்

ஸ்டீராய்டு கொடுத்தார்கள். வீக்கம் மெல்ல வடிந்தது. முகம் உப்பியது, தூக்கம் போனது, பசி மட்டும் அடங்கவில்லை. ரேவதி கண்ணாடி பார்ப்பதை விட்டாள். "கவுண்டர்ல... திரும்ப... பேசுவேனா?" என்று ஒவ்வொரு சொல்லாகக் கோத்துக் கேட்டாள். பேசுவாய் என்றேன். அன்று எனக்கும் நிச்சயமில்லை.

அடுத்த தடவை மகளோடு வந்தாள். முடிச்சு இன்னும் முழுசாக அடைபடவில்லை, ஆனால் சுருங்கியிருந்தது. கையில் பலம் வந்திருந்தது. வீட்டில் எப்படி என்று மகளிடம் கேட்டேன். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண் அவள். உதட்டைச் சுழித்தாள்: "மம்மி இப்ப சுத்தத் தமிழ்ல திட்றாங்க ஆண்ட்டி, ஆதா... பாதி எனக்குப் புரியவே இல்ல."

எங்கள் பிரிவில் யாரும் குணமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. வீட்டிலிருந்து அவர்களைப் பற்றிப் புகார் வர ஆரம்பித்தால், நாங்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.