வழிகாட்டியின் மனைவி போய்வந்த இடங்கள்

ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்கில் அவளுக்குக் கிழிசலக்கா என்று பெயர். படுக்கை விரிப்பு கிழிந்தாலும், டாக்டரின் அங்கியில் பை பிய்ந்தாலும், காவலாளியின் கால்சட்டை எசகுபிசகான இடத்தில் தையல் விட்டாலும், "கிழிசலக்காகிட்ட குடு" என்பார்கள். அடித்தளத்தில், சலவை யந்திரங்கள் நாள் முழுக்க உறுமுகிற கூடத்துக்குப் பக்கத்து அறையில், ஒற்றை ஜன்னலுக்குக் கீழே அவளுடைய தையல் மிஷின். ஜன்னலில் தெரிவதெல்லாம் நடைபாதையில் போகிறவர்களின் கால்கள் மட்டும்தான். அவ்வளவு பெரிய நகரத்தை இருபது வருஷமாக அவள் முழங்காலுக்குக் கீழேதான் பார்த்திருக்கிறாள்.

ஆனால் வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது. யந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரல் வெண்கலம் மாதிரி ஆகிவிட்டது. ஜன்னலில் போகிற செருப்பைப் பார்த்தே ஆளின் குணத்தைச் சொல்லுவாள். சலவைக்காரப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அவள் வீட்டுக்காரருக்குப் பேச்சுதான் பிழைப்பு. ஒரு சுற்றுலா நிறுவனத்தில் வழிகாட்டி. கும்பலைப் பஸ்ஸில் ஏற்றி ஒலிபெருக்கியில் கத்துகிற வேலை இல்லை. ஒரு குடும்பம், ஒரு ஜோடி, சிலசமயம் ஒரே ஓர் ஆள் என்று தனியாக வருகிறவர்களை, அவரவர் விருப்பப்படி ஊர் சுற்றிக் காட்டுவார். கட்டடம் பிடித்தவர்களுக்குக் கட்டடம், கடைத்தெரு பிடித்தவர்களுக்குக் கடைத்தெரு. காலையில் திறக்கிற வாய் சாயங்காலம்தான் மூடும். மூடினால் மூடியதுதான். "ம்", "சரி", "போதும்" என்ற மூன்றே சொல்லை வைத்துக்கொண்டு மனிதர் இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தை ஓட்டிவிட்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. குடி கிடையாது, கைநீட்டுவது கிடையாது, காய் நறுக்கித் தரச் சொன்னால் நறுக்கித் தருவார். பேச்சு மட்டும் கிடையாது.

மகள் வீட்டில் இருந்தவரை இது அவ்வளவாக உறைக்கவில்லை. மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போன பிறகுதான் வீடு வெறிச்சென்று ஆனது. இவள் அடுப்படியில் நின்றுகொண்டு பேசுவாள். அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். "குக்கர்கூட நான் பேசுற ரெண்டு வார்த்தைக்கு ஒரு விசில் அடிக்குது," என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் "ம்" தான்.

வெளியூரில் திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருந்த அக்காவிடம் போனில் அழுதேவிட்டாள். அக்கா சட்டென்று முடிவு பண்ணுகிறவள். "கிளம்பி வந்துடுடி. இங்க நாலு பொம்பளைங்க தைக்கிறோம், பேச்சுக்குப் பஞ்சமே இல்ல. ஆறு மாசம் இருந்து பாரு. புடிச்சுதுன்னா இங்கயே இருந்துடு. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு முடிவு சொல்லு."

அதே வாரம் ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் முடித்தவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் சுவர்க்கடிகாரம், பாத்திரம். இவளுக்கு வந்தது ஒரு கூப்பன்: நகரைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள், தனி வழிகாட்டியோடு, உங்கள் விருப்பப்படி. அவள் புருஷன் வேலை பார்க்கும் அதே நிறுவனம். சலவைக்காரப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு யோசனை வந்தது.

மதிய இடைவேளையில் நிறுவனத்துக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் வரிசையாகக் கேட்டாள்: எத்தனை பேர், நடையா காரா, எங்கிருந்து கூட்டிப்போக வேண்டும்?

"ஒரே ஆளு. நடைதான். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்."

"வழிகாட்டி யாராவது குறிப்பா வேணுமா மேடம்?"

"பதினாலாம் நம்பர்." அவர் கோட்டுப் பையில் அந்த எண்ணைத் தைத்துக் கொடுத்ததே அவள்தான்.

"நல்லா பேசுவாரு மேடம்," என்றாள் அந்தப் பெண்.

"அப்படித்தான் கேள்விப்பட்டேன்."

போனை வைத்தபோது அவள் மனசில் கணக்கு தெளிவாக இருந்தது. ஆறு மணி நேரம். அதற்குள் இந்த மனிதர் தன்னிடம் மனசுவிட்டு நாலு வார்த்தை பேசினால் உண்டு. இல்லாவிட்டால் அக்கா வீடு.

ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போனார். இவள் பீரோவிலிருந்து நல்ல துணியாக எடுத்து உடுத்திக்கொண்டு அடுத்த பஸ் பிடித்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அவர் நீலக்குடையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"நீ எங்க இங்க? இன்னிக்கு லீவுதானே?" கண் அவளைத் தாண்டி யாரையோ தேடியது. "கஸ்டமர் வர்ற நேரம்."

"வந்தாச்சு," என்று கூப்பனை நீட்டினாள்.

அவர் அதை வாங்கிப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் படித்தார். காது சிவந்துவிட்டது. ஒப்புக்கொண்ட ஆளை வழிகாட்டி பாதியில் விடக்கூடாது என்பது நிறுவனத்தில் கறாரான சட்டம். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், முதுகு நிமிர்ந்தது.

"வணக்கம் மேடம். எங்க ஊருக்கு உங்கள வரவேற்கிறேன். செருப்பு வசதியா இருக்கா? இன்னிக்கு நாம நிறைய நடக்கப் போறோம்."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து 'நீங்க'. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அப்புறம் பேச்சென்றால் பேச்சு, அப்படியொரு பேச்சு. அவளுக்கு முகம் காட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். நடைபாதைக் கல், குழி, மரம் எதிலும் இடறவில்லை. மணிக்கூண்டைக் கட்டிய கதை, எரிந்துபோன மார்க்கெட்டைத் திரும்ப எழுப்பிய கதை, ரயில் நிலையத்துக் கூரையை வரைந்தவரும் கட்டியவரும் போட்ட சண்டை. கையை ஆட்டினார், குரலை இறக்கினார், ஏற்றினார். இப்பேர்ப்பட்ட ஆளா நம் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறார் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

இரண்டு மணி நேரம் போனதும் ஒரு விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு கதை முடிவிலும் அவர் சரியாக ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். அது சிரிப்பதற்கு விட்ட இடம். அவள் சிரிக்க மறந்தாலும் சிரித்து முடித்த மாதிரியே அடுத்த வரிக்குப் போனார். எல்லாம் மனப்பாடம். எதிரில் பெண்டாட்டி நின்றால் என்ன, தெருவிளக்கு நின்றால் என்ன, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வாய் திறந்துவிட்டது, ஆனால் தன்னிடம் திறக்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஆற்றுப் பாலம் வந்தது. அவர் பாலத்தின் நடுவில் நின்று, கைப்பிடியைத் தட்டி, குரலைக் குழைத்துச் சொன்னார்:

"மேடம், ஊருக்கு இது சாதாரணப் பாலம். எனக்கு அப்படி இல்ல. இந்த இடத்துலதான் என் மனைவிய முதன்முதலா பார்த்தேன். தண்ணியப் பார்த்துட்டு நின்னாங்க. நான் பக்கத்துல போய்…"

அதோடு நின்றார். இது சிரிப்புக்கு விட்ட இடம் இல்லை. வழக்கமாக ஓடுகிற நாக்கு, எதிரில் நிற்பது யார் என்று பார்க்காமல் ஓடிவிட்டது.

அவள் இடுப்பில் கைவைத்தாள். "ம், பக்கத்துல போயி? சொல்லுங்க."

"அது… எல்லாருக்கும் சொல்றது."

"என்னைத் தையக்கடையிலதானே பார்த்தீங்க? பின்னாடி கிழிஞ்ச பேன்ட்ட ஒரு பேப்பரால மறைச்சுக்கிட்டு வந்து நின்னீங்களே!"

"கிழிஞ்ச பேன்ட்டுன்னு சொன்னா கேக்க யாருக்குப் புடிக்கும்?"

"எனக்குப் புடிக்குமே!"

அவர் தலையைச் சொறிந்தார். அவள் விடவில்லை. "உங்க கதையில என்னை இன்னும் எங்கெல்லாம் கூட்டிட்டுப் போயிருக்கீங்க?"

"அங்கங்க. ஒரு ஏழெட்டு இடம் இருக்கும்."

"விருப்பப்படி மாத்திக்கலாம்னு கூப்பன்ல போட்டிருக்கு. மிச்ச இடமெல்லாம் விடுங்க. உங்க மனைவி போன இடத்தையெல்லாம் காட்டுங்க."

அவருக்கு வேறு வழியில்லை. குதிரைவீரன் சிலைக்குக் கூட்டிப் போனார். குரலே எழும்பாமல் சொன்னார்: "இங்க என் மனைவி சொல்லுவாங்க, 'இந்தாளு நூறு வருஷமா இறங்காம உக்காந்திருக்காரே, குதிரைகிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா'ன்னு."

அவள் திடுக்கிட்டாள். அது நிஜமாகவே அவள் சொன்னது. டிவி செய்தியில் இந்தச் சிலையைக் காட்டியபோது, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். இந்த மனிதர் அப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தாள்.

அருங்காட்சியக வாசலில், அரசாங்க ஆபீஸ் படிக்கட்டில், மீன் சந்தையில் என்று போன இடத்திலெல்லாம் அவளுடைய வார்த்தைகள்தான். மணமகன் ஊர்வலத்தில் தொலைந்துபோன செருப்பைப் பற்றிச் சொன்னது, மேலதிகாரியின் பூட்ஸ் பற்றிச் சொன்னது, அந்த குக்கர் விசில்கூட. குக்கர் விசிலை அவர் ரயில் நிலையத்தில் வைத்திருந்தார்.

ஏரிக்கரையில் படகுக்காரர் அவரைப் பார்த்ததும் கையாட்டினார். "என்ன சார், இன்னிக்கு அந்த வீட்டம்மா கதையச் சொல்லலயா?"

"இவங்கதான் அது," என்றார் அவர், குடையைப் பார்த்துக்கொண்டு.

படகுக்காரர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். "நீங்களாம்மா? நெசமாவே இருக்கீங்களா? நாங்க சாருக்குக் கல்யாணமே ஆகலைன்னு இல்ல நெனச்சுக்கிட்டு இருந்தோம்!"

அவள் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் கண் கலங்கிவிட்டது. "அவ இந்தப் படகுல போயிருக்காளா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"போனதாச் சொல்லுவேன்."

"பாலத்துல நின்னிருக்கா, படகுல போயிருக்கா. நான் இருபது வருஷமா ஜன்னல்ல ஊராரோட காலப் பார்த்துட்டு உக்காந்திருக்கேன். ஊரெல்லாம் அவகூடச் சுத்திட்டு, வீட்டுக்கு வந்து எங்கிட்ட 'ம்'முங்கிறீங்களே, இது நியாயமா?"

அவர் குடையை மடக்கிப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு, படகில் முதலில் இறங்கிக் கையை நீட்டினார். வாடிக்கையாளர் பக்கத்தில் வழிகாட்டி உட்காரக்கூடாது என்பதும் சட்டம்தான். உட்கார்ந்தார். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். அந்தச் சுற்று முழுக்க அவர் ஒரு கதையும் சொல்லவில்லை.

நாலு மணிக்குச் சுற்றுலா முடிந்தது. இருவரும் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். ஏறி உட்கார்ந்ததும் அவர் முகம் பழையபடி சுவர்ப்பக்க முகமாக ஆயிற்று. சரி, இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிட்டாள்.

"அக்கா கூப்பிடுறா. ஆறு மாசம். புடிச்சா அங்கயே இருந்துடுவேன். இன்னிக்குப் பதில் சொல்லணும்."

இரண்டு நிறுத்தம் போயிற்று.

"நீ போயிட்டா நான் கஸ்டமருங்ககிட்ட என்னத்தச் சொல்லுவேன்?" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓஹோ, சரக்கு தீந்துடுமேன்னு கவலையா?"

"இல்ல, இல்ல." அவர் அவசரமாகத் திரும்பினார். வார்த்தை தேடினார். காலையிலிருந்து அருவியாகக் கொட்டிய மனிதர் இப்போது திக்கினார். "மணிக்கூண்டு, மார்க்கெட்டு இதெல்லாம் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தது. நான் ஒப்பிக்கிறேன். வீட்டுக்கு வந்தா எழுதிக் குடுத்தது ஒண்ணும் இல்ல. உங்கிட்ட என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல. நீ அவ்வளவு நல்லாப் பேசுறியா… நான் ஏதாவது சொல்லி அதக் கெடுப்பானேன்னு கேட்டுட்டே படுத்திருப்பேன். எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

"எனக்குப் போதலயே."

"தெரியாமப் போச்சு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "போகாதயேன். பயமா இருக்கு," என்றார்.

அதற்கு மேல் எப்படி என்று அவருக்கே தெரியவில்லை. எதையோ பிடித்து ஆரம்பித்தார். அன்றைக்குப் பேப்பரால் மறைத்துக்கொண்டு தையல்கடைக்கு வந்தாரே, அந்தப் பேன்ட் தானாகக் கிழியவில்லையாம். கடைக்குள் வர ஒரு சாக்கு வேண்டுமென்று அவரே ஆணியில் மாட்டிக் கிழித்தாராம். அளவுக்கு மேல் கிழிந்துவிட்டதாம். வரிசை இல்லாமல், முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் சொன்னார். சிரிப்புக்கு இடம் விடத் தெரியவில்லை. அவள் கண்ட இடத்திலெல்லாம் சிரித்தாள். முன் ஸீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து போயிற்று. நகரத்தில் சந்துபொந்து விடாமல் தெரிந்தவருக்கு அது தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

கைப்பையில் போன் அடித்தது. எடுத்தாள்.

"என்னடி முடிவு பண்ணின?" என்றாள் அக்கா.

"நான் வரலக்கா. அப்புறம் கூப்பிடுறேன், அவரு பேசிட்டிருக்காரு."

"எவரு?"

"எங்க வீட்டுக்காரருதான்."

"ஏண்டி," என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"