நம்புகிறேன் என்ற ஒரு சொல்

அன்று நான் உள்ளே போனபோது காசிமியெரா ஊதாத் துணியை விரல் அகலத்துக்கு மடித்து மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். நீதிபதிகளின் கறுப்பு அங்கியில் கழுத்துக்குக் கீழே தொங்கும் மடிப்புப் பட்டை அது. போலந்தில் எங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு அங்கி தைப்பவள் அவள்தான்.

நான் அவள் கணவர் செனோனைப் பார்த்துக்கொள்ளத் தினமும் அங்கே போகும் நர்ஸ். மகன் இக்னாட்ஸி செத்த சில மாதங்களில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, முதுகில் புண் வராமல் கவனிப்பது என் வேலை.

இக்னாட்ஸி சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். குடித்துவிட்டுக் கார் ஓட்டிய ஒருவன் இடித்துவிட்டு நிற்காமல் போனான். பிறகு நெதர்லாந்தில் பிடிபட்டான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டு நீதிமன்றம் கேட்டால் இன்னொரு நாடு ஆளை அனுப்பிவைக்கும். இங்கே இருப்பதும் ஒழுங்கான நீதிமன்றம்தான் என்று அங்கே இருப்பவர்கள் நம்புவதால் அனுப்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் போய்விட்டது. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவை ஆளுங்கட்சி ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்து தன் ஆட்களால் நிரப்பிவிட்டிருந்தது.

அந்தச் சட்டம் வந்த கோடையில் அதை எதிர்த்து நீதிமன்ற வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்றவர்களில் காசிமியெராவும் ஒருத்தி. இக்னாட்ஸியும் கூட நின்றான். பிறகு அந்தக் குழு தேர்ந்தெடுத்த புதிய நீதிபதி ஒருவர் அங்கிக்கு அளவு கொடுக்க அவளிடமே வந்தார்.

"உங்க தோளுக்கு எங்கிட்ட துணி இல்லீங்க."

"மேஜை மேல அவ்வளவு கிடக்கே?"

"அது நீதிபதிங்களுக்கு."

செனோன் அப்போது நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர் அவர்தான். "என் பொண்டாட்டி இடுப்ப அளக்கறதுக்கு முன்னாடி முதுகெலும்ப அளந்துடுவா!"

அந்தப் புதியவரிடம்தான் இக்னாட்ஸியின் வழக்கு போனது. ஓடிப்போனவனின் வக்கீல் நெதர்லாந்தில் அதையே பிடித்துக்கொண்டார்: கட்சி உட்காரவைத்த நீதிபதியிடம் என் கட்சிக்காரரை எப்படி அனுப்புவீர்கள்?

அவள் பட்டைக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்த அன்று அவர்களுடைய வழக்கறிஞர் பாவ்லிக் வந்தார். நான் செனோனுக்குப் பீட்ரூட் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நாளைக்கு நெதர்லாந்து நீதிமன்றம் காணொளியில உங்ககிட்ட பேசப்போறாங்க. இங்க நியாயம் கிடைக்கும்னு நம்பறேன்னு பெத்தவளே சொன்னா, அவங்க மனசு மாறலாம். ஒரு சொல்தான்."

"நம்பலையே."

"நம்பற மாதிரி சொல்லுங்க."

செனோன் சூப்பைத் தள்ளினார். வாய் கோணியிருந்தாலும் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. "சொல்லு, காசியா. அவன் இங்க வரட்டும். எவன் தீர்ப்பு சொன்னா என்ன?"

"மேலேர்ந்து ஒரு போன் வந்தா அந்த ஆளு இவன விட்டுடுவான், செனெக்."

"வரலைன்னா?"

அவள் அடுத்த மடிப்புக்குக் குண்டூசி எடுத்தாள். போர்வையில் சிந்திய சூப்பை நான் துடைத்தேன்.

மறுநாள் பாவ்லிக்கின் அலுவலகத்துக்கு அவளோடு நானும் போனேன். திரையில் மூன்று நீதிபதிகள் தெரிந்தார்கள். ஒரு பெண் மொழிபெயர்த்தாள். இங்குள்ள நீதிமன்றத்தை நம்புகிறீர்களா என்று நேராகவே கேட்டார்கள்.

காசிமியெரா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "என் புள்ளயக் கொன்னவன் ஜெயிலுக்குப் போகணும். அதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஆனா அந்த நாற்காலியில இருக்கறவர நான் நம்பல. அவனை, யாருக்கும் பயப்படாத ஒரு நீதிபதி முன்னாடி நிறுத்துங்க. இங்க ஆகலைன்னா அங்கயே நிறுத்துங்க."

நடுவில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார். மொழிபெயர்ப்பவள் அதைவிட மெதுவாகச் சொன்னாள். "இந்தக் குற்றத்த விசாரிக்கற அதிகாரம் எங்களுக்குக் கிடையாதும்மா."

மதியமே முடிவு வந்தது. அனுப்ப மறுத்துவிட்டார்கள், காவலிலிருந்தும் விட்டுவிட்டார்கள்.

"நீங்க சொன்னது சரிதான், அம்மா," என்றார் பாவ்லிக். அவள் கோட்டைப் போட்டுக்கொண்டாள். பொத்தான்கள் மாறிப் போயிருந்தன. நான் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து செனோனிடம் அவளே சொன்னாள்.

"என்ன சொன்ன?"

"நம்பலைன்னு சொன்னேன்."

"அவன் எங்க?"

"வெளிய."

செனோன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் திரும்ப அவருக்கு வழக்கமாக என் உதவி தேவைப்படும்.

மறுநாள் காலை நான் போனபோது அவள் வெந்நீர்க் கிண்ணத்தோடும் சவரக் கத்தியோடும் கட்டிலருகே நின்றாள். அவர் முகத்தை மட்டும் என்னிடம் விடமாட்டாள். சவரம் அவள் கையால்தான். சோப்பு நுரையோடு குனிந்தவளின் மணிக்கட்டை, செனோன் அசைகிற கையால் தள்ளினார்.

"சிஸ்டர் செய்யட்டும்."

அவள் கத்தியை என்னிடம் கொடுத்தாள். நான் தாடைத் தோலை இழுத்துப் பிடித்து மழித்தேன். அவள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஆறியதும் போய் வேறு வெந்நீர் கொண்டுவந்தாள்.