போயிட்டு வாங்க, ஹெக்டர்!

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை. டெக்ஸாஸ் பிளானோவில் எங்கள் வேர்ஹவுஸில், லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் மேடையான நாலாம் நம்பர் டாக்கில் இருந்தவர்கள் மூன்று பேர் – நான், லாரி டிரைவர் ஹெக்டர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டைரோன். இல்லாதவர் ஒருவர் – என் சூப்பர்வைசர் லிண்டா. மீட்டிங் என்று ஹூஸ்டன் போயிருந்தார். வெள்ளிக்கிழமைதான் திரும்புவார்.

அவர் மட்டும் அன்று இருந்திருந்தால், இந்த வாரம் உங்களுக்கு எழுத எனக்கு விஷயமே இருந்திருக்காது!

"லாஜிஸ்டிக்ஸ் என்கிறீர்களே, அது புது கம்ப்யூட்டர் லாங்வேஜா?" என்று ஈரோட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே இண்டியன் கடையில் பார்க்கிற ஆன்ட்டிகளும் அதைத்தான் கேட்கிறார்கள். இல்லை சார். சரக்கு சொன்ன இடத்துக்கு, சொன்ன நாளில், குறைந்த செலவில் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் லாஜிஸ்டிக்ஸ். இரண்டு வருஷம் காலேஜில் படித்தேன். இப்போது ஆறு மாதம் வேலை பார்த்துக்கொண்டே பழகுகிறேன். பாடப் புத்தகம் கிடையாது. டாக்தான் வகுப்பு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சங்ககிரியில் லாரி டிரைவர். கடைசியில் அமெரிக்கா வந்து நான் படிப்பதும் லாரியைப் பற்றித்தான்! அம்மாவுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல். "அதுக்கு இங்கயே இருந்திருக்கலாமே, சாமி?" என்று போனில் கேட்டார்.

சரி, டாக்குக்கு வருகிறேன்.

ஹெக்டரின் லாரியில் எல் பாசோவுக்குச் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. அறுநூற்று நாற்பது மைல். டெக்ஸாஸின் அந்தக் கோடி. ஹெக்டருக்கு அதுதான் சொந்த ஊர். அந்தச் சனிக்கிழமை அவருடைய மகளுக்குப் பதினைந்து வயது நிறைகிறது. மெக்ஸிகோக்காரர்கள் அதைக் கல்யாணம் மாதிரி கொண்டாடுவார்களாம் – சர்ச், ஹால், கேக், பெரிய கவுன். நம்மூர் மஞ்சள் நீராட்டு ஞாபகம் வந்தது எனக்கு. நமக்குத் தாய்மாமன் சீர். அவர்களுக்கு அப்பாவின் டான்ஸ். மகளோடு முதல் டான்ஸ் அப்பாதான் ஆட வேண்டும்.

"இதுவரைக்கும் ஆடினதே இல்ல" என்றார் ஹெக்டர். சொல்லிவிட்டு, டைரோன் சரக்கு ஏற்றுகிற இடைவெளியில், டாக் ஓரமாக இல்லாத மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எண்ணி ஆடிப் பார்த்தார். பெரிய தொப்பை. சின்னச் சின்ன அடிகள்.

சரக்கு ஏறியது. கையெழுத்துப் போட்டேன். வண்டியில் ஏறி, "கிளம்பறேன்" என்றார்.

லாரி வீட்டில் வளர்ந்தவன் நான். கிளம்புகிற வண்டியைப் பார்த்து 'போ' என்று சொல்ல எனக்கு வாய் வருமா? மனசில் இருந்ததை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன்.

"கோ அண்ட் கம் பேக், ஹெக்டர்!"

ஹெக்டர் இன்ஜினை அணைத்தார். "கம் பேக்? இங்கயா?"

"ஆமா, இங்கதான்!"

"எப்போ?"

என்ன பாசமான மனிதர்!

"சீக்கிரமா. நேரா வந்துடுங்க" என்றேன்.

பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். டீசல் கணக்கு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. நாலாம் நம்பர் டாக்கில் ஹெக்டரின் நீல லாரி நின்றுகொண்டிருந்தது. ஹெக்டர் இறங்கி வந்தார். கண்ணெல்லாம் சிவப்பு.

"வந்துட்டேன். எல் பாசோ லோடு எங்க?"

லிண்டா என்னைப் பார்த்தார். "வெல்... என்ன லோடு?"

வேலுச்சாமியைச் சுருக்கி இங்கே என்னை 'வெல்' என்பார்கள். அன்று லிண்டா என் பெயரைச் சொன்னாரா, பேச்சைத் தொடங்கினாரா என்று தெரியவில்லை.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை எல் பாசோவில் சரக்கை இறக்கிவிட்டு, தன் லாரிக் கம்பெனியிடம், "பிளானோவுல எனக்கு லோடு வச்சிருக்காங்க, நேரா வரச் சொன்னாங்க" என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒரு காபி. கொஞ்சம் தூக்கம். மனைவி தடுத்திருக்கிறார். "சனிக்கிழமைக்குள்ள அடுத்த லோடோட திரும்பிடுவேன்" என்று சமாதானம் சொல்லிவிட்டு, காலி வண்டியோடு அறுநூற்று நாற்பது மைல் வந்து நிற்கிறார்.

எங்கள் பிஸினஸில் காலி வண்டி ஓடுவது பெரும் பாவம். முதல் நாளே லிண்டா சொல்லிக் கொடுத்த பாடம். லிண்டா எதற்கு? ரிட்டர்ன் லோடுக்காக நாக்பூரில் நாலு நாள் காத்துக் கிடந்த அப்பாவின் பிள்ளை நான்!

விளக்கினேன். "எங்க ஊர்ல, போறவங்ககிட்ட 'போ'ன்னு சொல்ல மாட்டோம்."

டைரோன் காதிலிருந்த வாக்மேனைக் கழற்றினான். "வேற என்ன சொல்வீங்க?"

"'போயிட்டு வா'ன்னு."

"வரலைன்னா?"

"வரணும்னு ஒண்ணும் இல்ல..."

"அப்புறம் எதுக்குய்யா வரச் சொல்றீங்க?"

டைரோன் சிரித்தான். ஹெக்டர் சிரிக்கவில்லை. லாரிக் கம்பெனிக்குப் போன் பண்ணிவிட்டு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. எல் பாசோவுக்கு அவர்களிடம் லோடு இல்லை. செயின்ட் லூயிஸுக்கு இருக்கிறது. மதியம் பன்னிரண்டு மணிக்குள் வேறு ஏதும் கிடைக்காவிட்டால் அதைத்தான் எடுக்க வேண்டுமாம். செயின்ட் லூயிஸ்... எல் பாசோவுக்கு நேர் எதிர்த் திசை!

"உன்ன நம்பித்தானே வந்தேன், வெல்" என்றார் மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

லிண்டா புரோக்கர்களின் போன் லிஸ்டை என் முன்னால் வைத்தார். "மூணு மணி நேரம் இருக்கு" என்றார். அவர் மேலிருந்து, நான் கீழிருந்து ஆரம்பித்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில் எல் பாசோவுக்கு யார் லோடு வைத்திருப்பார்கள்? இல்லை. இல்லை. திங்கட்கிழமை கூப்பிடு. ஹோல்ட் பண்ணு... கட். பதினொன்றரைக்கு ஃபோர்ட் வொர்த்தில் ஒரு பெண்மணி கிடைத்தார். அவரிடம் எல் பாசோவுக்கு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. ஆனால் திங்கட்கிழமைதான் ஏற்றப் போகிறாராம்.

"மேடம், இன்னிக்கே ஏத்த முடியுமா?"

"என்ன அவசரம்?"

ரேட், டிஸ்கவுன்ட் என்று ஏதாவது பேசியிருக்கலாம். எனக்கு அது இன்னும் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். "டிரைவர் நாளைக்கு சாயங்காலம் பொண்ணோட டான்ஸ் ஆடணும், மேடம். நான் தப்பா வரச் சொல்லிட்டேன்."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன். கட் பண்ணிவிட்டாரோ?

"மூணு மணிக்கு வரச் சொல்லு. லேட் பண்ணாதே" என்றார்.

ஹெக்டர் வண்டியில் ஏறினார். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை. கையை மட்டும் ஆட்டினேன். 'போ' என்றும் சொல்ல முடியாமல், 'வா' என்றும் சொல்ல முடியாமல் ஒரு மனிதனை வழியனுப்புவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பக்கத்தில் நின்ற லிண்டாதான் சத்தமாகச் சொன்னார்: "அடுத்த புதன், பத்து மணி, டாக் நாலு. நிஜ லோடு!"

இந்த நாட்டில் 'வா' என்று சொல்ல வேண்டுமானால், கிழமையும் நேரமும் டாக் நம்பரும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரியம் குறைந்துவிடாது. ஆள் சரியாக வந்துசேர்வார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். காலி வண்டி என்றதும் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த மனுசன் ஊடு போய்ச் சேந்தாராடா?"

தெரியாது என்றேன். மறுநாள் ஹெக்டரே கூப்பிட்டார். "ரெண்டு தடவ அவ கால மிதிச்சுட்டேன்" என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை!

கூடவே லாரிக் கம்பெனியின் பில் ஃபேக்ஸில் வந்தது – காலி ஓட்டம், அறுநூற்று நாற்பது மைல், மைலுக்குத் தொண்ணூறு சென்ட். என் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள் என்று தயாராக இருந்தேன். லிண்டா பேனாவை எடுத்து, பயிற்சிச் செலவு என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, மரியாதை என்று போட்டார்.

தொகை: ஐந்நூற்று எழுபத்தாறு டாலர்.