மூன்று அங்குலம்

மழை பெய்தால் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வரும் மண் சாலையில் மகனுடைய ஜீப்பின் அடிவயிறு இடிக்கும். அதைச் சொல்லியே அவன் வருவதைக் குறைத்தான். வண்டியை உயர்த்த ராசா என்ற ஊரில் ஒரு பட்டறைக்குப் போனபோது நானும் கூடப் போனேன்.

"முன்சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஆடுற வண்டிம்மா. ரெண்டு அங்குலம் போதும் லா. மூணு தூக்குனா மூட்டு சீக்கிரம் தேஞ்சிரும்," என்றார் மெக்கானிக்.

"மூணே தூக்குங்க. மழைன்னு சொல்லி இவன் வராம நிக்கக்கூடாது," என்றேன்.

தூக்கிப் பெரிய டயரும் போட்டார்கள். ஏறப் போனால் படி எனக்கு எட்டவில்லை.

"தூக்கி விடவாம்மா?" என்றான் மகன். பட்டறையே பார்த்தது.

"போடா, நான் பஸ்ஸுல வர்றேன்."

அதன்பின் மழையிலும் வந்தான். கோயிலுக்குக் கூப்பிடுவான். அந்தப் படியைப் பார்த்துவிட்டு, வேலை இருக்கிறது என்பேன். ஜீப் சத்தம் ஓயும்வரை வாசலில் நிற்பேன்.