சுங்கக் கொட்டகைக்கு மறுபடி ஆள் தேடினார்கள்

ஃபிடெல்மா மெக்கேப்ரிக்கு அறுபத்து நான்கு வயதில் ஒரு வேலை தேடி வந்தது. வேறு யாராக இருந்தாலும் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பார்கள். அவளோ அடுப்பில் கெட்டில் கூவிக்கொண்டிருப்பதுகூடக் காதில் விழாமல், நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

வேலையைக் கொண்டுவந்தவர் டிக்னம். எல்லைக்கு அந்தப் பக்கம், அயர்லாந்துக் குடியரசின் காவன் மாவட்டத்தில் உள்ள பால் ஆலையின் கொள்முதல் அதிகாரி. ஃபிடெல்மாவும் கணவன் பாட்ஸியும் இந்தப் பக்கம், பிரிட்டனின் ஆட்சியில் இருக்கும் வட அயர்லாந்தின் ஃபெர்மனாவில், அறுபது மாடு கறப்பவர்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆலையின் டாங்கர் லாரி வந்து பாலை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் நான்கு மைல் ஓடி எல்லையைத் தாண்டி, அங்குள்ள பண்ணைகளின் பாலையும் அதே டாங்கில் வாங்கிக்கொண்டு ஆலைக்குப் போகும். அந்தச் சாலையில் எல்லை என்று கண்ணுக்குத் தெரிவது ஒன்றுமில்லை. தாரின் நிறம் மாறும், பலகைகளில் மைல் போய் கிலோமீட்டர் வரும், அவ்வளவுதான்.

அது 2019 ஆகஸ்ட். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென்று பிரிட்டன் ஓட்டுப் போட்டு மூன்று வருஷம் ஓடியிருந்தது. அக்டோபர் கடைசியில், ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிளம்பிவிடுவோம் என்று லண்டனில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஒப்பந்தம் இல்லாம போனா, நவம்பர் ஒண்ணாம் தேதிலேர்ந்து உங்க பால் வெளிநாட்டுப் பால், மிஸஸ் மெக்கேப்ரி," என்றார் டிக்னம். "வரி வரும். வெட்னரி டாக்டர் கையெழுத்து வேணும். எங்க பக்கத்துப் பாலோட ஒரே டாங்கில கலக்கவும் முடியாது. பேப்பர் இல்லாம ஒரு சொட்டு உள்ள வராது."

"அப்போ மாட்டுக்கிட்டப் போய், கொஞ்ச நாளைக்கு மடிய மூடி வச்சுக்கோம்மான்னு சொல்லிப் பாக்கறேன்," என்றான் பாட்ஸி.

டிக்னம் சிரிக்கவில்லை. "அந்தப் பேப்பரெல்லாம் எழுதத் தெரிஞ்ச ஆளே இல்ல. இருபத்தாறு வருஷமா யாரும் எழுதல. நீங்க சின்ன வயசுல சுங்க ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை பாத்ததா சொன்னாங்க."

"யாரு சொன்னா?" என்றாள் ஃபிடெல்மா.

"ஆலைல பேசிக்கிட்டாங்க..."

"எத்தன பேருக்குத் தெரியும்?"

அவள் குரல் போன போக்கில் டிக்னம் பேச்சை நிறுத்திவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். யோசித்துச் சொல்லுங்கள் என்று விட்டுப் போனார்.

அவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது நடந்தது அது. எல்லைச் சாலையோரம் தகரக் கூரை போட்ட கொட்டகையில், ரூனி என்ற சுங்க ஏஜென்டிடம் குமாஸ்தாவாக இருந்தாள். மாடு, வெண்ணெய், உரம் என்று எது எல்லை தாண்டினாலும் நான்கு பிரதி எழுதி முத்திரை குத்தித் தர வேண்டும். அயர்லாந்தைப் பிரிக்கும் எல்லையே கூடாது என்று ஒரு கூட்டம் குண்டு வைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1974 பிப்ரவரியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, முகமூடி போட்ட இரண்டு பேர் ஒரு பால் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். "மூணு நிமிஷம் இருக்கு," என்றான் ஒருவன். ரொம்ப மரியாதையான குரல். அதுதான் இன்றைக்கும் அவள் கனவில் வரும் குரல்.

ஃபிடெல்மா ஓடினாள். ஈர வயலில் ஒரு காலின் செருப்பு சேற்றோடு போயிற்று. கூடவே ஓடிவந்த ரூனி பாதி வயலில் நின்றார். கொட்டகை வாசலில் கன்றுக்குட்டி ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் எங்கோ டீ குடிக்கப் போயிருந்தான். ரூனி திரும்பி ஓடினார். போகாதீங்க என்று கத்த அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. லாரியின் பின்கதவை அவர் திறந்துவிட்டார். கன்றுகள் அவளைத் தாண்டி வயலில் சிதறி ஓடிக்கொண்டிருக்கும்போதே கொட்டகை வெடித்தது.

ரூனி பிழைத்தார். கண்ணாடித் துண்டு அவருடைய வலது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. ஃபிடெல்மா அதற்கப்புறம் சுங்க வேலைப் பக்கமே போகவில்லை. பாட்ஸியைக் கல்யாணம் செய்துகொண்டு மாடு கறக்க வந்துவிட்டாள். தான் கத்தாமல் நின்றதை அவனிடம்கூடச் சொன்னதில்லை.

டிக்னம் வந்துபோன பிறகு அவளுக்குச் சரியான தூக்கமில்லை. கதவு சாத்துகிற சத்தத்துக்கெல்லாம் உடம்பு தூக்கிப்போட்டது. பழைய கொட்டகை இருந்த இடத்தில் ஒருத்தன் மூன்று கால் கருவி வைத்து எதையோ அளந்துகொண்டிருந்ததைக் கண்டதும், காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்டர்நெட் கம்பம் நட அளக்கிறான் என்று பாட்ஸி விசாரித்துவந்து சொன்னான். அவள் நம்பவில்லை.

"வேணாம்னா வேணாம்டி," என்றான் பாட்ஸி. "மாட்ட வித்துடலாம்."

அவன் கேலியாகச் சொல்லவில்லை என்பதுதான் அவளை அசைத்தது. அந்த மாடுகளின் பாட்டி, கொள்ளுப்பாட்டியெல்லாம் அவன் கைபட்டு வளர்ந்தவை. மூன்றாம் நாள் டிக்னத்துக்குப் போன் போட்டாள். எல்லையில் உட்கார மாட்டேன். ஆலைக்குள், பின்னால் இருக்கும் அறையில்தான் உட்காருவேன். என் பெயர் எந்தப் பலகையிலும் வரக்கூடாது. அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

வாரத்தில் இரண்டு நாள் போனாள். வடக்கே இருந்து பால் தரும் பண்ணைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. முதல் நாள் ஒரே படிவத்தை மூன்று தடவை கிழித்துப்போட்டு எழுதினாள். பிறகு எழுத்து தானாக வந்தது. அப்படித் தானாக வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் நடுவில் ஒரு காலை, மாடு ஓட்டப் போன பாட்ஸி பாதி வழியில் திரும்பி வந்தான். "நீ வெளிய வராத," என்றான். அதைக் கேட்டதும் அவள் வந்தாள்.

சாலையைப் பார்த்த மாட்டுக் கொட்டகைச் சுவரில் சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்தது: எல்லைக்கு வேலை செய்பவர் எங்கள் குறி. கீழே அவளுடைய முழுப் பெயர்.

அவள் இரண்டு தடவை வாசித்தாள். அங்கேயே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"போலீஸக் கூப்பிடவா?"

"கூப்பிட்டா ஜீப் வரும். ஜீப் வந்தா ஊரே பாக்கும். வேணாம் பாட்ஸி. பேசாம இரு."

ஆனால் அதற்குள் ஊர் பார்த்துவிட்டது. தேவாலயத்துக்குப் போகிறவர்கள் காரை மெதுவாக்கி வாசித்துவிட்டு வேகமெடுத்தார்கள். இரண்டு நாள் ஒருவரும் வாசல் ஏறவில்லை. மூன்றாம் நாள் உச்சி வெயிலில், பச்சைப் பெயிண்ட் டப்பாவும் இரண்டு பிரஷ்ஷுமாக ஐவன் குரோசியர் வந்தான்.

ஐவன் பக்கத்துப் பண்ணைக்காரன். அவர்கள் கத்தோலிக்கர், அவன் புராட்டஸ்டன்ட், பிரிட்டனோடேயே இருக்க வேண்டும் என்பவன். நாற்பது வருஷமாக வேலியும் டிராக்டரும் பகிர்ந்துகொண்டவர்கள். பிரிட்டிஷ் படையில் பகுதி நேரச் சிப்பாயாக இருந்த அவனுடைய அண்ணனை 1981இல், எல்லையில் குண்டு வைத்த அதே கூட்டத்தார் டிராக்டர் மேலேயே வைத்துச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்தச் சாவுக்குப் பாட்ஸியும் ஃபிடெல்மாவும் போய், கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தார்கள். அதைப் பற்றி மூவரும் ஒருநாளும் பேசியதில்லை.

"பட்டப்பகல்லயா வருவே? எழுதினவன் பாத்தான்னா உன் பேரையும் எழுதுவான்," என்றாள்.

"பாக்கட்டும்னுதான் பகல்ல வந்தேன். எழுதுறப்போ ஸ்பெல்லிங் சரியா எழுதச் சொல்லு. எல்லாரும் குரோசியர்ல ஒரு எழுத்த முழுங்கிடறானுங்க."

இருவரும் சுவரில் பச்சை பூசினார்கள். சிவப்பு இரண்டு பூச்சுக்கும் அடங்காமல் மங்கலாகத் தெரிந்தது.

"விலகணும்னு ஓட்டுப் போட்டவன் நீ. அதனாலதான் இது என் சுவத்துல இருக்கு," என்றாள்.

"தெரியும். அதனாலதான் பெயிண்ட் என் செலவு."

அவள் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே, நாற்பத்தைந்து வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள்: ரூனியையும், கன்றுகளையும், தன் வாயிலிருந்து சத்தம் வராமல் போனதையும். ஐவன் பிரஷ்ஷை நிறுத்தாமல் கேட்டான்.

"நான் இன்னும் வண்டிக்கு அடியில குண்டு இருக்கான்னு குனிஞ்சு பாத்துட்டுத்தான் ஏறுறேன்," என்றான் கடைசியில். "டெய்லி. முட்டி தேஞ்சு போச்சு, பயம் தேயல. என் பொண்டாட்டிக்குத் தெரியாது. சாவி விழுந்துச்சும்பேன்."

மூன்றாவது பூச்சும் பூசினார்கள். அந்த வாரமே அவள் ஆலைக்குப் போனாள். பயம் போய்விட்டதால் அல்ல. போகாவிட்டால் அந்தச் சிவப்பு எழுத்தை எழுதியவனுக்குப் பதில் சொன்னது போல் ஆகிவிடும் என்று தோன்றியதால். போகும்போதெல்லாம் பாட்ஸி கூடவே வந்து ஆலை வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தான், கறவை நேரம் தவறாமல் வீடு திரும்பினார்கள்.

அக்டோபர் வந்தது, தேதி தள்ளிப்போயிற்று. பிறகு ஒருவழியாக ஏதோ ஒப்பந்தம் ஆயிற்று. அயர்லாந்துக்குள் சாலையில் சோதனை கிடையாது, பிரிட்டனிலிருந்து கடல் தாண்டி வட அயர்லாந்துக்கு வரும் சரக்கைத் துறைமுகத்தில் பார்ப்பார்கள் என்றார்கள். டாங்கர் எப்போதும் போல வந்தது. டிக்னம் போன் செய்து, கோப்புகளையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று, இனி நீங்கள் வர வேண்டாம் என்றார். ஃபிடெல்மா வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐவன் சந்தோஷப்படவில்லை. "எல்லைய உன் வாசல்லேர்ந்து எடுத்து என் வாசல்ல வச்சுட்டாங்க," என்றான். வருஷா வருஷம் கடல் தாண்டி ஸ்காட்லாந்துச் சந்தையில் ஆட்டுக் கிடா வாங்குபவன் அவன். 2021இல் வாங்க நினைத்த கிடாவின் மந்தைக்கு நோயில்லை என்பதற்குச் சான்று இல்லை, வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "என் நாட்டுக்குள்ளயே ஆட்டுக்குப் பாஸ்போர்ட் கேக்கறான். நாளைக்கு எனக்கே கேப்பான். நாங்க இங்க யாரு ஃபிடெல்மா? எங்கள யாருக்கு வேணும்?"

அந்த வருஷம் வசந்தத்திலேயே பெல்ஃபாஸ்டில் பஸ் எரிவதை டிவியில் காட்டினார்கள். கடலில் எல்லை போட்ட கோபத்தில் எரித்தவர்கள், ஐவன் தரப்பு ஆட்கள். அதற்கப்புறம் அவன் வேலிப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டிருந்தான். கிடா விஷயத்துக்குப் பிறகு அறவே நிறுத்திவிட்டான். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஃபிடெல்மா அவன் சமையலறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

"நீ சொல்றது தப்புன்னு சொல்ல வரல," என்றாள். "பயத்துல தனியா உக்காந்திருக்காதன்னு சொல்ல வந்தேன்."

அவன் மனைவி டீயும் சோடா ரொட்டியும் வைத்தாள். ஐவன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டான். அவன் கோபம் தீரவில்லை. ஆனால் அடுத்த வாரம் பாட்ஸியின் டிரெய்லரை இரவல் வாங்கிக்கொண்டு, எல்லை தாண்டிக் காவன் சந்தைக்குப் போனான். அங்கே ஒரு கிடாவைப் பிடித்துவந்து, அதன் சோம்பேறித்தனத்தைப் பற்றிக் குளிர்காலம் முழுக்க அவர்களிடம் குறைசொல்லிக்கொண்டிருந்தான்.