அவள் கேட்க வேண்டிய டிக்கெட்

ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்தில் பஸ் ஏறினேன். தினம் பார்க்கிற ஆறு வயதுப் பாப்பாவும் அவள் சித்தியும் முன்சீட்டில் இருந்தார்கள்.

"எங்கம்மா எறங்கணும்?" கண்டக்டர் பாப்பாவைக் கேட்டார்.

"சே... சே..." திணறினாள். சித்தி வாயே திறக்கவில்லை. கம்பெனியில் அசெம்ப்ளி லைன் ரெண்டு செகண்ட் நின்றாலே கத்துகிற ஆள் நான். "சேரப்பணஞ்சேரிண்ணே, ஒரு ஃபுல், ஒரு ஆஃப் கிழிங்க" என்றுவிட்டேன்.

பாப்பா சித்தி மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பாப்பாவுக்குத் திக்குவாயாம்; சித்தி அதைச் சரிசெய்யும் ஸ்பீச் தெரபியில் எம்.எஸ்சி. படிக்கிறாராம். "ஒரு வாரமா வூட்ல பழகிகினு, இன்னிக்குத்தான் நானே டிக்கெட் கேக்கறேன்னு சொன்னா. நீ இன்னாத்துக்குப்பா நடுவுல?"

"ஹெல்ப் பண்ணலாம்னுக்கா..."

"நான் இன்னா தூங்கிகினா இருந்தேன்?"

சாரி சொன்னேன். பாப்பா நிமிரவே இல்லை.

நாளைக்கும் அதே பஸ்தான். அவள் மறுபடி கேட்பாளா, தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேனா, அதுவும் சந்தேகம்தான். இப்படித் திக்குகிற பிள்ளைகளோடு பழக்கம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.