வாய் நனைக்காத மத்தியஸ்தர்

ஓய்வுபெற்ற ஆசிரியன் வீட்டில் சும்மா இருக்கக்கூடாது என்று யார் விதித்தார்களோ தெரியாது. "மாஸ்ரர், உங்களுக்குப் பொறுமை கூட" என்று சொல்லி, என் பெயரைக் கொடுத்து, பயிற்சிக்கு அனுப்பி, என்னை இணக்கசபை மத்தியஸ்தர் ஆக்கிவிட்டார்கள். பொறுமையாவது மண்ணாவது! நீதிமன்றம் போகவேண்டிய சண்டைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட வாங்கில் குந்தியிருந்து தீர்க்கவேண்டும். பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: பக்கம் சாயாதே, எந்தத் தரப்பின் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதே. அதை மனப்பாடம் செய்துகொண்டு சான்றிதழோடு வந்தேன்.

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு பாதை வழக்கு. பாரிசவாதத்தில் விழுந்த புருஷனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக ஓட்டோ வாசல்வரை வரவேண்டும் என்று ஒரு மனுசி அழுதாள். பக்கத்துக் காணியைப் புதிதாக வாங்கியவரோ, பாதை தன் காணி உறுதிப் பத்திரத்துக்குள் வருகிறது என்று தகரம் அடித்து மறித்துவிட்டார். மனுசி எங்கள் ஆட்கள். அவர், எங்கள் ஆட்கள் தலைமுறையாகப் படலைக்கு வெளியே நிறுத்திவைத்த குடும்பம். சாதி என்று அந்த வகுப்பறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எத்தனையோ ஞாயிறு இழுபட்டது. எனக்குத் தலை விறைத்துப்போயிற்று. கடைசியில் அவரே இறங்கிவந்தார்.

"வருத்தக்காரன் பாவம், மாஸ்ரர். ஓட்டோ வரக்கூடிய அளவு விடுறன். நேரிலை வாங்கோ, அடையாளம் போடுவம்."

போனேன். அவர் வீட்டு முன்விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினார்கள். அவருடைய மனைவி தட்டில் தேநீர் கொண்டுவந்தாள்.

"வேண்டாம் பிள்ளை. நாங்கள் குடிக்கக்கூடாது. சட்டம்" என்றேன்.

அவர் தட்டை வாங்கி ஒரு பக்கம் வைத்தார்.

"உங்கடை அப்பரும் எங்கடை வீட்டிலை வாய் நனைக்கமாட்டார், மாஸ்ரர். அப்ப உந்தச் சட்டம் இருக்கேல்லை."

ஐயோ! எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பயிற்சி, சான்றிதழ், பக்கச்சார்பு என்று ஏதேதோ உளறினேன். கோப்பையை எடுக்கக் கையை நீட்டினேன்.

"கஷ்டப்பட்டுக் குடியாதேங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பி உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. இணக்கம் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். இனி வழக்குப் பேசி முடிய எத்தனை வருஷமோ. அதுவரை நோயில் கிடக்கிற அந்த மனிதர் இருப்பாரோ என்னவோ. எனக்கு ஒரேயடியாக அலுத்துப்போயிற்று. கடுதாசியை அந்த மனுசியிடம் கொடுக்கவே வெட்கமாக இருந்தது.

"என்னாலைதான் குழம்பினது, தங்கச்சி. அந்தத் தேத்தண்ணியை நான் குடிச்சிருக்கவேணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவள் பதறிப்போய்க் கிட்ட வந்தாள்.

"சீ, என்ன கதை கதைக்கிறியள் மாஸ்ரர்! பாதை போனால் போகட்டும். நீங்கள் உவையின்ரை வீட்டிலை வாய் நனைக்கேல்லை எண்டு கேட்டாப் பிறகுதான் எனக்கு மனம் ஆறினது."